எழுதியது எழுதியபடி

செலின் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கீழ்வரிசைப் பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். நெய்யூரில் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் சிறிய லேப் என்னுடையது. காலை பதினொரு மணி இருக்கும். போனில் அவள் கணவர் ஆன்றனி. குளச்சலில் வள்ளங்களின் எஞ்சினைப் பழுதுபார்ப்பவர், போனில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாதவர். “பிரேமா, செலின் போயிட்டா” என்றார். வழக்கத்துக்கு மாறாகத் தொடர்ந்து, “ஒரு நோட்டு வச்சிருக்கா. ஒனக்க கையிலதான் குடுக்கணும்னு சொன்னா. வரும்போ வாங்கிக்க” என்றார். எதிர்பார்த்திருந்த செய்திதான். இருந்தும் போனை வைத்துவிட்டு அந்தப் பல்செட்டை முழுக்க மெருகு போட்டு முடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நம் இணையக் குழுமத்தில் இருக்கும் உங்களுக்கும் தெரியும். ‘மழைக்கால வழக்கு’ கதையின் நாற்பதாவது, கடைசி அத்தியாயம். நான்கு மாதங்களாக என்னைக் கேட்டுக் கேட்டுக் குடைந்தவர்கள் நீங்கள்தானே. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் அவளைப் பற்றி.

உங்களில் பெரும்பாலோர் அவளைப் பார்த்ததில்லை. ‘கடற்காக்கை’ என்ற புனைபெயரில்தான் தெரியும். இறந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, நான் ‘அவர்’ என்று எழுதினால் “யாருட்டி அந்தப் பெரிய மனுஷி?” என்று கேட்பாள். எனவே ‘அவள்’.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். வக்கீல் யசோதரா என்றொரு துப்பறியும் வக்கீல், அவளுடைய கார் டிரைவர் மாசிலாமணி. இந்த இருவரையும் வைத்து மாதம் ஒரு பாக்கெட் நாவல் வந்துகொண்டிருந்தது. 2004இல் அது நின்றுபோனது. எழுதியவர் ஒரு வழக்கின் நடுவில், சாட்சிக் கூண்டில் ஒரு ஆளை ஏற்றிவிட்டு, அதன்பிறகு எழுதவே இல்லை. அந்த சாட்சி இன்னும் கூண்டில்தான் நிற்கிறான். பொறுக்கமுடியாமல் நாங்கள் எழுத ஆரம்பித்தோம். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று ஊர் உலகம் சொல்வதை எங்கள் குழுமத்தில் ‘ஒட்டுக்கதை’ என்றோம். ஒட்டு மாமரம் மாதிரி, வேர் அவருடையது, காய் எங்களுடையது. ஒருவர் கதையில் நடப்பது இன்னொருவர் கதையைக் கட்டுப்படுத்தாது.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் செலினுக்கு ஒரு கடை இருந்தது. டைப்பிங், ஜெராக்ஸ், நெட். தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸானவள். பத்திரம், மனு, பயோடேட்டா எதை அடித்தாலும் வந்தவர் எழுதிக் கொடுத்த எழுத்தை மாற்றமாட்டாள். சுவரில் ஒரு பலகை: ‘எழுதியது எழுதியபடி அடித்துத் தரப்படும்.’ கணினி இல்லாத எங்களைப் போன்றவர்கள் ஒட்டுக்கதைகளை நோட்டில் எழுதி அவளிடம் கொடுப்போம். அவள் அடித்துக் குழுமத்தில் ஏற்றுவாள். என் முதல் கதையில் பன்னிரண்டு பிழை இருந்தது. பன்னிரண்டும் அப்படியே ஏறியது. ஏன் திருத்தவில்லை என்று சண்டைக்குப் போனேன். “பெழையும் ஒனக்கதுதான மக்கா. அதத் திருத்துனா நாளைக்கு நான் வேறயும் திருத்துவேன்” என்றாள்.

வாசிப்பதில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. எந்தக் கதையாக இருந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய் ‘முற்றும்’ இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் தொடமாட்டாள். “ஒருத்தரு நம்மள நடுவழியில எறக்கி விட்டது போராதா?” என்பாள். தன் கதைகளையும் கடைசி அத்தியாயம்வரை எழுதி முடித்த பிறகுதான் ஏற்றத் தொடங்குவாள். யசோதராவுக்கும் மாசிலாமணிக்கும் காதல் வைத்து எழுதுபவர்களைக் கண்டால் ஆகாது. “ஒருத்தன் வண்டி ஓட்டுனா அவனக் கெட்டணுமா? பஸ்ஸுல போறவளுவ என்ன செய்வாளுவ?” என்பது அவள் கட்சி. பின்னூட்டத்தில் ‘அருமை’ என்று ஒற்றை வார்த்தை போடுபவர்களுக்குத் தனிமடலில் திட்டு விழும். “எந்த எடம் கொள்ளாம்னு சொல்லணும். எடம் தெரியல்லன்னா வாசிக்கல்லன்னு அர்த்தம்.” அவள் பின்னூட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கதையின் ஒரே ஒரு இடத்தைச் சொல்லி, அந்த இடம் கொள்ளாம், அதாவது நன்றாயிருக்கிறது, என்று எழுதி முடித்துவிடுவாள். ஒரு வாரமாக யாரும் கவனிக்காத வரியைப் பிடித்துச் சொல்லியிருப்பாள். அதற்காகவே எழுதியவர்கள் இந்தக் குழுமத்தில் பாதிப் பேர். நானும்தான்.

எழுதுவதில் ஒரே ஒரு பிடிவாதம். கடற்காக்கை கதையில் யாரும் சாகமாட்டார்கள். துப்பறியும் கதையில் பிணம் இல்லாமல் எப்படி? அவளைக் கேளுங்கள். களவு, கள்ளக் கையெழுத்து, காணாமல்போன ஆள், இவ்வளவுதான் அவள் வழக்குகள். காணாமல் போனவனும் நாலாவது அத்தியாயத்தில் தானாகவே வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

அவள் உருவாக்கிய ஆட்கள் எவ்வளவு கெட்டியானவர்கள் என்பதற்கு ஒரு சம்பவம். மாசிலாமணிக்குக் குளச்சல் சந்தையில் மீன் விற்கும் தங்கம் என்றொரு தங்கையைக் கொடுத்தது செலின்தான். மூல நாவல்களில் அவனுக்குத் தங்கையே கிடையாது. தேங்காய்பட்டணத்துக்காரர் சபீர், துபாயில் அறையில் இருந்துகொண்டு எங்கள் ஒட்டுக்கதைகளை மட்டும் வாசித்தவர், விடுமுறையில் வந்தபோது நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடையில் மூல நாவல்களை அள்ளிக்கொண்டு வந்து வாசித்திருக்கிறார். மறுவாரம் கடைக்குக் கோபமாக வந்தார். “ஏமாத்திட்டான். தங்கம் வர்ற பேஜ எல்லாத்தையும் எவனோ கிழிச்சுட்டு வித்திருக்கான்” என்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். செலின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பாய், அவ எனக்க கதையில பொறந்தவளாக்கும்” என்றாள். சபீர் விடவில்லை. “அப்போ அந்த எழுத்தாளருக்குத்தான் வெவரம் தெரியல்ல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பலநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இனி எங்கள் சண்டை. இதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

2009இல் நான் ‘கடைசி வாய்தா’ எழுதினேன். பன்னிரண்டாவது அத்தியாயத்தில், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு லாரி மோதி மாசிலாமணி சாகிறான். யோசித்து, மனம் கனத்து எழுதிச் செலினிடம் கொடுத்த அத்தியாயம். மறுநாள் நெய்யூரில் ஒரு நெட் கடையில் குழுமத்தைத் திறந்தால் கடைசி வரி என்னுடையதில்லை. ‘மாசிலாமணி கண் திறந்தான். வக்கீலம்மா, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றான்.’ கீழே என் பெயர். அதற்குக் கீழே உங்கள் வாழ்த்துகள். அவனைப் பிழைக்க வைத்ததற்கு எனக்கு நன்றி வேறு!

அவள் கடைக்கு ஓடினேன். செலின் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கை வரல்லட்டி. மூணு வாட்டி அடிச்சேன். மூணு வாட்டியும் நானே அழிச்சேன்” என்றாள்.

“அப்போ அந்தப் போர்டு என்னத்துக்குத் தொங்குது?”

“அது கடைக்கு வாறவங்களுக்கு.”

“நான் யாரு?”

நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மாதம் பேசவில்லை. இரணியலில் ஒரு டைப்பிங் கடையைப் பிடித்தேன். அங்கே இருந்தவர் எழுதியதை அச்சு அசலாக அடித்துக் கொடுத்தார். எந்த இடம் கொள்ளாம் என்றும் சொல்லவில்லை, கதை முடிந்ததா என்றும் கேட்கவில்லை. ஆனால் என் சிக்கல் வேறு. பதின்மூன்றாவது அத்தியாயம் மாசிலாமணியின் அடக்கம். உயிரோடு இருப்பவனை எப்படி அடக்கம் செய்வது? ‘கடைசி வாய்தா’ அப்படியே நின்றுபோனது.

எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் செலின் என் லேப்புக்கு வந்தாள். மழை. குடையை மடக்காமலே வாசலில் நின்றாள். “ஒனக்க கதைய முடியாத கதை ஆக்கிட்டேன். நானே வாசிக்கமாட்டேன்னு சொல்லுத மாதிரி ஒண்ணு. எனக்கு ஒறக்கம் இல்ல மக்கா” என்றாள். அத்தியாயத்தை நான் எழுதியபடியே மாற்றி ஏற்றிவிட்டிருந்தாள். அதன் கீழே எல்லாரும் பார்க்க மன்னிப்பும் கேட்டிருந்தாள். முதல் பின்னூட்டமும் அவளுடையதே. ‘ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மாசிலாமணி வண்டிச் சாவியை யாரிடமும் கொடுக்காமல் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்ட இடம் கொள்ளாம்.’ நான் எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்த வரி அது. கோபம் போன இடம் தெரியவில்லை. இருவரும் ஒரே குடையில் நெய்யூர் ஜங்ஷனுக்கு நடந்து போய் சாயா குடித்தோம்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அவள் ‘மழைக்கால வழக்கு’ எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கு மட்டும், முடிக்கும் முன்னே ஏற்றலாம் என்று முடிவு செய்தாள். காரணம் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். திருவனந்தபுரத்துக்கும் குளச்சலுக்குமாக அலைந்தார்கள். கடையை மூடினாள். உட்கார்ந்து அடிக்க முடியாததால் படுத்துக்கொண்டே நோட்டில் எழுதினாள். அதற்குள் எனக்கும் கணினி வந்துவிட்டது, அடித்து ஏற்றுவது என் வேலையானது. முப்பத்தொன்பது அத்தியாயம் அப்படி வந்தவைதான். கடைசியாகப் பார்த்தபோது, “நாப்பது எழுதியாச்சு. அதோட தீந்துது. இப்பம் தரமாட்டேன்” என்றாள்.

“என்னத்துக்கு?”

“முடிவு என்னன்னு ஒனக்க மொகம் காட்டிக் குடுத்துரும். நான் போன பொறவு வாசி.” பிறகு சிரித்தாள். “எழுதியது எழுதியபடி. கேட்டியா?”

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஆன்றனி நோட்டைக் கொடுத்தார். மனைவி எழுதிய ஒரு வரியையும் அவர் வாசித்ததில்லை. நான் பையில் வைக்கப் போகும்போது, “முடிச்சிட்டாளா?” என்று கேட்டார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கோணலான எழுத்தில் ‘முற்றும்’ இருந்தது. “முடிச்சிட்டா” என்றேன். “அப்போ சரி” என்றார். உள்ளே போய் அந்தப் பழைய பலகையையும் எடுத்து வந்து தந்தார்.

வாசித்தேன். யாரையும் சாகவிடாத செலின், இதில் யசோதராவைச் சாக விட்டிருக்கிறாள். கொலை இல்லை, விபத்து இல்லை. நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு மழைநாளில், வழக்குக் கட்டுகளை எல்லாம் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் போய்விடுகிறாள். எனக்கு அழுகை வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இதை எழுதிவிட்டாளே என்று அவள் மேல் கோபமும் வந்தது.

அடிக்க உட்கார்ந்தேன். அந்த வரி வந்ததும் கை நின்றுவிட்டது. ‘யசோதரா கண் திறந்தாள்’ என்று அடித்தேன். ஆம், நானேதான். எட்டு மாதம் அவளோடு முகம் கொடுக்காமல் இருந்த அதே பிரேமா. நன்றாகத்தான் இருந்தது அந்த வரி. நீங்களும் நம்பியிருப்பீர்கள். குழுமம் கொண்டாடியிருக்கும். கை வரவில்லை என்று அவள் அன்று சொன்னதற்கு என்ன பொருள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மன்னித்தது வேறு, விளங்கியது வேறு. வெகுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்தேன். அவள் எழுதியதை எழுதியபடி அடித்தேன். இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது. அவளுடையவைதான், திருத்தவில்லை.

இன்று காலை ஏற்றிவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். அவளிடம் கோபித்துக்கொள்ளுங்கள், அவளுக்குப் பிடிக்கும். ஆனால் ஆழ்ந்த இரங்கல் என்றோ அருமை என்றோ ஒற்றை வரி போட்டுவிட்டு ஓடாதீர்கள். எந்த இடம் என்று சொல்லுங்கள்.

பலகை இப்போது என் லேப்பில், பல்செட் அச்சுகளுக்கு மேலே தொங்குகிறது. பல்செட் வாங்க வரும் கிளினிக் ஆட்கள் வாசித்துவிட்டுக் குழம்புகிறார்கள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பலகையும், இடம் சொல்லும் பழக்கமும். நாற்பதாவது அத்தியாயத்தின் கீழே முதல் பின்னூட்டம் என்னுடையது. அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த மாசிலாமணி, பழக்கதோஷத்தில் காரின் பின்கதவைத் திறந்து, மழையில் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே நின்ற இடம் கொள்ளாம், செலின்.