ஆறு பெட்டிக்கும் ஒரே அட்டை

சுவக்கீன் எதையும் எழுதி ஒட்டிவைக்கிற ஆள். சின்னக்கானல் தேயிலை எஸ்டேட் பேக்டரியில் இருபத்தாறு வருடமாக ட்ரையர் பக்கம் வேலை. இன்றைக்கு இலை எத்தனை சூட்டில் காய வேண்டும் என்று பலகையில் சாக்பீஸால் எழுதுவது அவர் கைதான். எழுதிய எண்ணை யாரும் தொடக் கூடாது. மூன்று ட்ரையரும் ஒரே எண்ணில் ஓட வேண்டும். ஒன்று தள்ளி ஓடினாலும் அன்றைய தூள் மூன்று நிறத்தில் வரும், மேனேஜர் கத்துவார். வீட்டிலும் அதே பழக்கம். கேஸ் மாற்றிய தேதி கதவில் இருக்கும். பிரஷர் மாத்திரை வேளை அலமாரியில் இருக்கும். "என் நெத்தியில மட்டுந்தான் இன்னும் ஒண்ணும் ஒட்டல" என்பாள் மனைவி செபமாலையம்மாள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஷீனா. கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து நான்கு மாதம் சுவக்கீன் அவளோடு பேசவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் கம்பத்துப் பக்கம் ஒரு மடத்தில் அவளுடைய முதல் வார்த்தைப்பாடு நடந்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். அவர் லீவே கேட்கவில்லை என்பது செபமாலைக்கும் தெரியும், ஷீனாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருக்கும்.

இப்போது ஷீனா இத்தாலியில் இருக்கிறாள். செப்டம்பரில் நித்திய வார்த்தைப்பாடு. இனித் திரும்பி வருகிற பேச்சே இல்லை என்கிற சடங்கு அது. ஆகஸ்டில் அவளே போன் செய்தாள்.

"அப்பா, இங்க எல்லாருக்கும் பெத்தவங்க வர்றாங்க. மன்றாட்டுமாலை பாடுறப்ப நாங்க பீடத்துக்கு முன்னால குப்புறப் படுத்துக் கிடப்போம். அதுக்கு முன்னால அப்பா அம்மா வந்து நெத்தியில சிலுவை போடுவாங்க. நேரலையா காட்டுவாங்கப்பா. நான் கிடக்குறப்ப நீங்க அங்கயிருந்தே போடுங்க. போடுவீங்களா?"

"போடுறேன்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வெளியே போய், மழைக்கு விறகை மூடுவது போல நின்றுகொண்டார். விறகு ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே மத்தியானம் ஒன்றரை மணிக்கு. லயத்தில் வரிசையாக ஆறு வீடு. மற்ற ஐந்து வீட்டையும் தன் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். பெரிய டிவியில், எல்லோரும் பார்க்க, அவர் எழுந்து நின்று சிலுவை போடுவார். ஐந்து வருடக் கணக்கை ஒரே நாளில் நேர்செய்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

இடைஞ்சல், நெட்டில் வருவதை டிவியில் காட்டுகிற கறுப்புப் பெட்டிதான். ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நெட் இணைப்பு. ரவுட்டர் பக்கத்து வீட்டு பாஸ்கல் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆறு வீட்டிலும் ஆளுக்கொரு பெட்டி. எதைத் திறந்தாலும் வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றி ஒரு முகம் வரும், அந்த முகம் வாயைத் திறக்கும்போது மறுபடி வட்டம்.

இணையத்தில் ஒரு பையனின் வீடியோ கிடைத்தது. பெட்டியில் டி.என்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. நாம் ஒரு பெயரைக் கேட்டால் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிற ஆள் மாதிரி. கம்பெனி வைத்த ஆள் மந்தம், அவரை மாற்றி வேறு ஆளைப் போட்டால் சட்டென்று திறக்கும் என்றான் பையன். அதற்கு, 'தானாக' என்று இருப்பதை 'கையால்' என்று மாற்ற வேண்டும். மாற்றினால் பெட்டி ஐந்து கேள்வி கேட்கும். முதல் கேள்விக்கு உங்கள் பெட்டியின் சொந்த எண். "நான் கடைசியில இருபத்தஞ்சு போடுறேன், நீங்க வேற எதாச்சும் போட்டுக்கங்க" என்று அவன் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனான். நாலாவது கேள்விக்குத்தான் டி.என்.எஸ். எண், நாலு எட்டு.

புதுச் சட்டைக்குள் வந்த அட்டையின் பின்பக்கத்தில் சுவக்கீன் ஐந்து வரியையும் எழுதினார். முதல் வரியின் கடைசியில் இருபத்தைந்து. 'வேற எதாச்சும்' என்பதெல்லாம் அவர் அகராதியில் இல்லை.

போட்டதும் பெட்டி நிஜமாகவே சுறுசுறுப்பானது. முன்னே அரை நிமிடம் யோசித்துவிட்டுத் திறந்தது, இப்போது தொட்டால் திறந்தது. சுவக்கீனுக்கு அன்றைக்கு முழுக்க நடை மாறியிருந்தது. அந்த வாரமே மற்ற ஐந்து வீட்டுக்கும் அட்டையைக் கொண்டுபோனார். எல்லாம் ஒரே மாதிரி ஓடினால் ஞாயிற்றுக்கிழமை யாராலும் இடைஞ்சல் வராது என்பது கணக்கு. பாஸ்கல் வீட்டில் அவன் மகள் சிஞ்சு ரிமோட்டைப் பிடித்திருந்தாள். ரிசார்ட்டில் வரவேற்பில் இருக்கிற பெண்.

"மாமா, இங்க நான் இருபத்தாறுன்னு போடட்டா?"

"எதுக்கு?"

"சும்மா, வேற வேற போடணும்னு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

"கேட்ட மாதிரி இருக்குன்னு போடாத. எழுதினத எழுதினபடி போடு."

அவள் அழித்துவிட்டு இருபத்தைந்து போட்டாள்.

வாரநாளில் ஒன்றும் தெரியவில்லை. ஒருவர் கொழுந்து பறிக்கப் போயிருப்பார், ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து தூங்குவார், இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் டிவி ஓடுவதே அபூர்வம். அங்கங்கே 'நெட் விட்டுவிட்டு வருதே' என்று பேச்சு வந்தது. மழை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சுவக்கீன் வெள்ளைச் சட்டையைக் கழற்றவில்லை. ஒரு மணிக்கே அறை நிறைந்துவிட்டது. "போனெல்லாம் அணைச்சு வைங்க, நெட்டத் தின்னுறாதீங்க" என்றார். அணைத்தார்கள். பாஸ்கல் மட்டும் வரவில்லை. கிரிக்கெட் இருக்கிறதாம், முக்கியமான கட்டத்தில் வருவதாகச் சொல்லி மனைவியை அனுப்பியிருந்தான்.

ஒன்று இருபத்தெட்டுக்குப் படம் வந்தது. பெரிய கோயில், வெள்ளைப் பூ, நெருக்கமாக மெழுகுதிரி. வரிசையில் நாலாவதாக ஷீனா. "அந்தா, நம்ம ஷீனா" என்று யாரோ சொல்லி முடிக்கும்போது வட்டம் சுற்றியது.

சுற்றியது நின்றது. பாதிரியாரின் கை மேலே தூக்கியபடி உறைந்திருந்தது. பிறகு படம் போய், 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

பெட்டியை அணைத்துப் போட்டார். இரண்டு நிமிடம் ஓடியது. நின்றது. அட்டையை எடுத்து ஐந்து வரியையும் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. திரும்ப அடித்தார். வந்தது, போனது. பின்னால் யாரோ வயரை ஆட்டிப் பார்க்கச் சொன்னார்கள். இன்னொருவர், போன வருடம் தன் வீட்டு டிவிக்கு இப்படித்தான் ஆகி, கடைசியில் டிவியையே மாற்ற வேண்டி வந்தது என்று ஆரம்பித்தார். சுவக்கீன் திரும்பி அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த செபமாலை தலையை நீட்டினாள். அவள் போனை மட்டும் அணைக்கவில்லை. அடுப்புத் திண்டில் தூள் டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

"ஏங்க, என் போன்ல நல்லா ஓடுது. இங்க வந்து பாருங்களேன்."

"போன்ல பாக்கவா இத்தன பேர வரச் சொன்னேன்?"

"வந்தவங்க கெடக்கட்டும். புள்ளைய நீங்க பாக்க வேணாமா?"

"உள்ள போ. இப்ப வந்துரும்."

வரவில்லை. ஒன்று ஐம்பது. பாஸ்கல் வீட்டிலிருந்து கைதட்டும் சத்தம் சுவர் வழியாக வந்தது. யாரோ சிக்சர் அடித்திருக்க வேண்டும். சுவக்கீனுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது போல இருந்தது. நெட் எங்கே போகிறது? ரவுட்டர் யார் வீட்டில் இருக்கிறது?

செருப்புப் போடாமல் போனார்.

"பாஸ்கலு, அத நிறுத்து."

"என்ன மச்சான், முடிஞ்சிருச்சா அதுக்குள்ள?"

"முடியல. ஆரம்பிக்கவே விடமாட்டேங்குறியே. எல்லாத்தையும் நீயே இழுத்துக் குடிச்சா எனக்கு எங்கேந்து வரும்?"

"நான் எங்க குடிக்கேன்? இங்க மட்டும் என்ன ஒழுங்காவா ஓடுது? பந்த போடுறான், வட்டம் சுத்துது, அடுத்து பாத்தா ஆள் அவுட்டாகி நடந்து போறான். எப்டி அவுட்டானான்னே தெரியல."

"என் மக அங்க..."

"உன் மக போறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்ட ஆளுதான நீ. இப்ப ரவுட்டருக்கு என்கூட சண்ட போட வந்துட்டியா?"

அதைச் சொன்ன பிறகு பாஸ்கலுக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது. சுவக்கீன் போய் பாஸ்கலின் டிவிப் பெட்டி வயரைப் பிடித்து இழுத்தார். பாஸ்கல் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். ஐம்பத்து நாலு வயதில் இரண்டு பேர், ஒரு மேசைக்கும் ஒரு கட்டிலுக்கும் நடுவில், பேசாமல் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செபமாலையின் குரல் கேட்டது: "ஏங்க, வாங்க, படுத்துட்டா, வாங்க."

சுவக்கீனுக்குக் கேட்டது. வயரை விட்டிருக்கலாம். பாஸ்கல் முதலில் விடட்டும் என்று இருந்தார்.

சிஞ்சுதான் இடையில் புகுந்தாள். காதில் போன். ஞாயிற்றுக்கிழமைச் சோற்றில் கை வைத்திருந்த ஜின்சனை அழைத்திருந்தாள். லயத்துக்கு நெட் இழுத்துக் கொடுத்த மலையாளி அவன்தான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சேட்டா, ஒண்ணு கேக்கட்டே. பெட்டியில எதாச்சும் மாத்தினீங்களா?" என்றான் ஜின்சன்.

"டி.என்.எஸ். மாத்தினேன். நல்லாத்தான் ஓடுச்சு."

"அதுல குழப்பமில்ல. மொத வரியில பெட்டி நம்பரு என்ன போட்டீங்க?"

"இருபத்தஞ்சு."

"மத்த வீட்டுல?"

சிஞ்சு சொன்னாள்: "ஆறு வீட்டுலயும் இருபத்தஞ்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும். "அது எப்டிங்க சரியாவும்? ஆறு வீட்டுக் கதவுலயும் ஒரே நம்பர எழுதி வெச்சா தபால்காரன் எந்த வீட்டுக்குக் கொடுப்பான்? ஒரு பிடி இங்க, ஒரு பிடி அங்கன்னு போட்டுட்டுப் போவான். டிவிய அணைச்சாலும் பெட்டி உள்ள முழிச்சிட்டுத்தான் கெடக்கும். ஒண்ணும் வேணாம், உங்க பெட்டிய பழையபடி 'தானாக'ன்னு ஆக்குங்க. அது தனக்கு வேற நம்பர் எடுத்துக்கும். போன்லல்லாம் நல்லா ஓடியிருக்குமே, பாக்கலியா?"

சுவக்கீன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அறையில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். 'தானாக' என்று மாற்ற இருபது நொடிகூட ஆகவில்லை. படம் வந்தது. தெளிவாக, ஒரு சிணுக்கமும் இல்லாமல் வந்தது. பீடத்துக்கு முன்னால் தரை காலியாக இருந்தது. யாரும் படுத்துக் கிடக்கவில்லை. ஷீனா மேசையில் குனிந்து ஒரு புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் சந்தோஷமாக முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அறை நடுவில் சுவக்கீன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். வலது கையை என்ன செய்வது என்று தெரியாமல், ரிமோட்டை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் போட்டேன்" என்றாள் செபமாலை, அடுக்களை வாசலில் நின்று. "போன் மேலயே போட்டேன். கையெல்லாம் ஈரம். போன்ல அவ முகங்கூடத் தெரியல, முதுகுதான் தெரிஞ்சுச்சு."

"என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

அவள் அவரையே பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தரை மணிக்கு ஷீனாவின் அழைப்பு வந்தது. செபமாலை பேசி முடித்து, போனை அவரிடம் நீட்டினாள். என்ன சொன்னாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. திரையில் ஷீனாவின் விரலில் புது மோதிரம்.

"அப்பா, பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்வதற்கு ஒரே ஒரு சொல் போதும். அது வாய்வரைக்கும் வந்தது.

"கையெழுத்துப் போட்டதப் பாத்தேன். நீ கெடந்தப்ப பாக்கல. சிலுவை போடல."

"லீவு கிடைக்கலியா?" என்று கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். கேட்டிருந்தால் நல்லது. இதற்கும் அதற்கும் சேர்த்து ஒரே திட்டாகத் திட்டிவிட்டால் முடிந்துபோகும்.

"எங்க இருந்தீங்கப்பா?"

"பாஸ்கல் வீட்டுல. சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன்."

"எதுக்கு?"

"நெட்டுக்கு. தப்பு அவன் மேல இல்ல. நான்தான் எல்லாருக்கும் ஒரே நம்பர எழுதிக் கொடுத்துருக்கேன்."

ஷீனா சிரிக்கவில்லை. சிரித்துவிடுவாள் என்றுதான் அப்படிச் சொன்னார்.

"ரெக்கார்டு போட்டிருக்காங்கப்பா. அப்புறம் பாத்துக்கலாம்."

"ம்."

"அம்மா போட்டாங்களாமே. அது போதும்."

அது போதும் என்றால் போதும்தான். சுவக்கீன் போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். இன்னும் ஐந்து வீட்டுப் பெட்டிகளை மாற்ற வேண்டும். முதலில் பாஸ்கல் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதுதான் பக்கத்துக் கதவு. அதைத் தாண்டி கடைசி வீட்டுக்குப் போய் அங்கிருந்து ஆரம்பித்தார்.