கழுவிக் கொடுத்த இறைச்சி

மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, அவளுடைய இரத்தத்தில் இரும்புச்சத்து போதாது என்று டொக்டர் சொன்னார். எண்பத்தைந்தாம் ஆண்டு, மாசி மாதம். கனடாவில், ரெக்ஸ்டேல் என்ற இடத்தில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாவது தளத்தில் இருந்தோம். பிள்ளை வெளிறிப்போயிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. பனிக்காலத்தில் வெயில் படாத பிள்ளைகள் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்?" என்று டொக்டர் கேட்டார்.

ஐந்து போத்தல் என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். பால் வயிற்றை நிரப்பிவிடுகிறது, அதில் இரும்பு இல்லை, வயிறு நிறைந்த பிள்ளை வேறு எதையும் சாப்பிடாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடதாசியில் ஹீமோகுளோபினுக்கு எதிரே எண்பத்து நான்கு என்ற எண்ணை வட்டமிட்டுக் காட்டினார். குறைந்தது நூற்றுப்பத்து இருக்க வேண்டுமாம். பாலை இரண்டு போத்தலாகக் குறைக்கச் சொல்லி, இரும்புச் சொட்டு மருந்தும் எழுதினார். அந்த மருந்தை அவள் ஒவ்வொரு முறையும் வாந்தியெடுத்தாள். ஒரு கிழமை பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னேன்.

"அப்படியென்றால் மருந்தை நிறுத்திவிட்டு இறைச்சி கொடுங்கள்," என்றார். "மாட்டிறைச்சி. அரைத்ததாக, கொழுப்புக் குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள்."

நாங்கள் சைவ சமயம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மீனும் ஆட்டிறைச்சியும் சாப்பிடுவோம். மாடு எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அதனால் முதலில் ஆட்டிறைச்சியை முயன்றேன். அது தூரத்துக் கடையொன்றில் எலும்போடு உறைந்த கட்டியாகக் கிடைக்கும். எவ்வளவு அவித்தாலும் பிள்ளை நாரை மென்று துப்பினாள். ஒருநாள் அவளுடைய வாய்க்குள்ளிருந்து நகத்தளவு எலும்புச் சில்லு ஒன்றை எடுத்தேன். அதன்பிறகு எனக்குத் துணிவு வரவில்லை.

"டொக்டர் சொன்னதைக் குடுமன்," என்றார் கணவர். "மருந்தெண்டு நினையும்."

"மருந்தை ஆரும் கறிச்சட்டியிலை காய்ச்சுறதோ?"

"அப்ப புதுச்சட்டி வாங்கும்."

"சாமிப்படம் குசினிக்கை இருக்கு."

"சாமிக்கும் பிள்ளையள் இருக்கினம்தானே. விளங்கும்."

புதுச்சட்டி ஒன்றும் மரக்கரண்டி ஒன்றும் வாங்கினேன். சாமிப்படத்தைச் சமையலறையிலிருந்து படுக்கையறை அலுமாரிக்கு மாற்றினேன். மாற்றியது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் சுப்பர்மார்க்கெட்டில் இறைச்சி கடைசிச் சுவரோரம் இருந்தது. அதுவரை அந்தப் பக்கத்தைத் தள்ளுவண்டியோடு வேகமாகக் கடந்து மீன் இருக்கும் பக்கம் போய்விடுவேன். இப்போது நின்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் கட்டடத்துத் தமிழர் யாராவது நிற்கிறார்களா என்று முதலில் சுற்றிப் பார்த்தேன். பிறகு பொதிகளில் ஒட்டியிருந்ததை வாசித்தேன். ஊரில் உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவள் நான். ஆய்வுகூடத்தில், போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் மூடியைத் திறக்கக்கூடாது என்று பழக்கியிருந்தார்கள். ரெகுலர், மீடியம், லீன் என்று மூன்று விதமான பொதிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு திகதி. அது பொதி செய்த நாளா, சமைத்து முடிக்க வேண்டிய நாளா என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டை எப்போது வெட்டினார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

லீன் என்பது மற்ற இரண்டையும்விட நல்லது என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் லீன் பொதிகளுக்குள் எதை எடுப்பது? எனக்குத் தெரிந்த ஒரே சோதனை மீன் சந்தையில் செய்வது. செவுளைத் தூக்கிப் பார்த்தால், சிவப்பாக இருக்கும் மீன் புதிது. இருப்பவற்றில் மிகச் சிவப்பான பொதியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பிளாஸ்டிக்கை உரித்து இறைச்சியை நடுவில் பிரித்தபோது உள்ளே மண்ணிறமாக இருந்தது. மேலே மட்டும்தான் சிவப்பு. பழைய மீனைக் கீழே அடுக்கிவிட்டு மேலே புதியதை வைக்கும் வியாபாரிகளை நான் கண்டிருக்கிறேன். கனடாவிலும் அதே வேலையா என்று கோபம் வந்தது. பொதியைக் கொண்டுபோய்க் தளத்திலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாய்க்குள் போட்டேன். அடுத்த முறை வேறு கடைக்குப் போனேன். அந்தப் பொதியும் உள்ளே மண்ணிறம். அதையும் எறிந்தேன். மூன்றாவதையும் பிரித்து வைத்துக்கொண்டு நின்றபோது, பிள்ளை இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே என்று பயம் பிடித்தது. மணந்து பார்த்தேன். கெட்ட மணம் எது என்று சொல்வதற்கு நல்ல மணம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டும் தெரியாது.

சரி, நன்றாகக் கழுவிப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

எங்கள் வீடுகளில் இறைச்சியைக் கழுவாமல் சட்டியில் போடுவதில்லை. மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும்வரை கழுவுவோம். அரைத்த இறைச்சியை வடிதட்டில் போட்டு அப்படியே செய்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. மறுபடி பிசைந்து ஊற்றினேன், மறுபடியும் சிவப்பு. ஐந்தாவது தண்ணீர்தான் தெளிவாக வந்தது. வடிதட்டில் மிஞ்சியது ஊறிய கடதாசி போலச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அப்போது எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. பழைய இறைச்சிக்கு மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். அந்தச் சாயத்தைத்தான் நான் கழுவி எடுத்திருக்கிறேன். மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஒருமுறை கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டு, சோறும் பருப்பும் சேர்த்துக் குழைத்துக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டாள். அன்றிலிருந்து நாள்தோறும் அப்படியே செய்தேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எண்பத்திரண்டு.

"இறைச்சி சாப்பிடுகிறாளா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும்."

"பால்?"

"இரண்டு போத்தல்."

அது முழு உண்மையல்ல. காலையில் எழும்பி அழுதால் மூன்றாவதும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் பழைய கடதாசியை எடுத்து இரண்டு எண்களையும் ஒப்பிட்டார். இவ்வளவு சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் வயிற்றுக்குள் எங்கேயாவது இரத்தம் கசியலாம், அல்லது எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சையில் கோளாறு இருக்கலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள், இடுப்பெலும்பில் ஊசி குத்தி மச்சை எடுப்பார்கள். இரண்டு கிழமைக்குள் நாள் எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

பஸ்ஸில் அவள் என் மடியிலிருந்து கோட்டுப் பொத்தானை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்ன ஒரு பதிலை நம்பித்தான் அந்த மனிதர் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார். அந்தப் பதில் பிழையாக இருந்தால்? ஆனால் அவள் சாப்பிட்டது உண்மைதானே. இப்படியே மாறி மாறி நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன்.

மறுநாள் காலையில் வழமைபோல இறைச்சியைக் கழுவத் தொடங்கினேன். முதல் தண்ணீர் சிவப்பாகச் சிங்குக்குள் இறங்கும்போது கை நின்றுவிட்டது. இரத்தம் ஏன் சிவப்பு என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். இரும்பினால். இது சாயமென்றால் நான் செய்தது சரி. சாயமில்லையென்றால் ஐந்து கிழமையாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? இதைப் பொதி செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். கழுவாமல் மிச்சமிருந்த இறைச்சியை அதன் தட்டோடும் ஒட்டியிருந்த கடதாசியோடும் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

இறைச்சிப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சன்னலும் மணியும் இருந்தன. மணியை அடித்ததும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"இதில் சாயம் கலக்கிறீர்களா?" வழி முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த ஆங்கிலம்.

"மிஸிஸ், இங்கே சாயம் கலந்தால் அடுத்த நாள் என்னையே அரைத்து விற்றுவிடுவார்கள்."

நான் சிரிக்கவில்லை. இறைச்சியின் நடுப்பகுதியைப் பிரித்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு பெரிய துண்டைத் தூக்கி வந்து என் முன்னாலேயே வெட்டினார். வெட்டிய பக்கம் சிவப்பாக இல்லை. கத்தரிக்காய்த் தோலைப் போலக் கருமையாக இருந்தது.

"இது இன்று வந்தது. கொஞ்சம் நில்லுங்கள்."

வேறு இரண்டு பேருக்கு இறைச்சி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கிடையில் அந்தக் கருமை மெல்ல மெல்லச் சிவந்து, நான் தேடித் தேடி எடுக்கும் அதே நிறத்துக்கு வந்திருந்தது.

"காற்றுப் பட்டால் சிவக்கும். அரைத்ததின் நடுவுக்குக் காற்றுப் போகாது, அது மண்ணிறமாகிவிடும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இந்தத் திகதி நான் பொதி செய்த நாள், இதைப் பாருங்கள். லீன் என்றால் கொழுப்புக் குறைவு, அவ்வளவுதான். நல்ல மாடு என்று அர்த்தமில்லை. புளித்த மணம் வந்தால், தொட்டுப் பிசுபிசுத்தால், அப்போது கொண்டுவாருங்கள்."

"அப்படியென்றால் கழுவும்போது வருகிற சிவப்பு?"

"எதைக் கழுவும்போது?"

மஞ்சள், உப்பு, ஐந்து தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "இவர் அரைத்த இறைச்சியைக் கழுவுகிறாராம்," என்றார்.

"சவர்க்காரமும் போடுகிறாரா என்று கேள்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்குச் சமைக்கிறீர்கள்?"

"இவளுக்கு. இரத்தம் போதாதாம்."

அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் ஊற்றிவிட்ட அந்தச் சிவப்பில்தான் அது இருக்கிறது, மிஸிஸ்," என்றார்.

பின்னேரம் கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"கழுவுறதையும் ஆரும் சொல்லுவினமோ? பல்லுத் தீட்டினதையும் சொல்லவோ?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றுவிட்டது. "டொக்டருக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லும்."

"சொன்னால் ஆஸ்பத்திரியை நிப்பாட்டிப்போடுவார். பிறகு உண்மையிலை உள்ளுக்கை ஏதும் இருந்தால்?"

"சொல்லாட்டில் சும்மா கிடக்கிற பிள்ளைக்கு எலும்பிலை ஊசி குத்துவினம்."

"ஓம்."

"ரெண்டுக்கும் பயந்தால் என்ன செய்யிறது?"

என் பதிலை நம்பி அவளுடைய உடம்பில் ஊசி ஏற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் டொக்டரோடு ஃபோனில் பேசினேன். கழுவியது, கொதித்த தண்ணீரை வடித்தது, முதலில் எறிந்த இரண்டு பொதிகள், காலைப் போத்தல், ஒன்றையும் விடாமல் சொன்னேன். எப்படிச் சமைக்கிறீர்கள் என்பதைத் தானே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி நாளை ஒரு மாதம் தள்ளிவைத்தார். பால் இரண்டு போத்தல்தான், வேறு வகைச் சொட்டு மருந்து அரைவாசி அளவில், இரும்பு உடம்பில் சேர உதவும் புளிப்பான தோடம்பழச் சாற்றோடு. இறைச்சி கழுவாமல். அப்படியும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

கழுவாத இறைச்சியைச் சட்டியில் போட்ட முதல் நாள், என் கை இரண்டு தரம் குழாய்க்குப் போய்த் திரும்பியது. மணம் வீடு முழுக்கப் பரவியது. வெளியே குளிர் விடாமலிருந்தும் பல்கனிக் கதவைத் திறந்து வைத்தேன். குழம்பு கறுத்துத் தடித்து வந்தது. அதைச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். அவள் தட்டைப் பிடித்து இழுத்து இன்னும் கேட்டாள். காலைகளில் அவளைச் சன்னலுக்குக் கொண்டுபோய்க் கீழ் இமையை இழுத்து நிறம் பார்ப்பேன். ஒருநாள் சிவந்தது போலிருக்கும், அடுத்த நாள் இல்லைப் போலிருக்கும். பிறகு நான் கிட்டப் போனாலே கண்ணை இறுக மூடிக்கொள்ளப் பழகிவிட்டாள். அந்த ஒரு மாதமும், உள்ளே கசிகிற இரத்தத்தை என் பேச்சைக் கேட்டு இன்னும் கசியவிடுகிறோமோ என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது முறை இரத்தம் எடுத்து முடிவு வந்தபோது டொக்டர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். தொண்ணூற்றெட்டு.

"இறைச்சியாலா?" என்று கேட்டேன். "அல்லது பாலைக் குறைத்ததாலா? மருந்தாலா?"

"எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினோம். அதனால் சொல்ல முடியாது," என்றார்.

எனக்கு அது இன்றுவரை தெரியாது.

டொக்டர் இருந்த கட்டடத்தின் வாசலில் காசு போட்டுப் பேசும் ஃபோன் இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவரின் தொழிற்சாலைக்கு எடுத்தேன். யாரோ அவரைக் கூப்பிடப் போனார்கள். இயந்திரச் சத்தத்துக்குள் அவருடைய குரல் வந்தது.

"தொண்ணூற்றெட்டு," என்றேன்.

"எவ்வளவு?"

"தொண்ணூற்றெட்டு."

"இன்னும் ஒருக்காச் சொல்லும்."

சொன்னேன்.

"அப்ப நூற்றிப்பத்துக்கு இன்னும் பன்ரண்டு வேணும்," என்றார்.

"ஓம். இன்னும் பன்ரண்டு."