பெயர் வெட்டுப்பட்ட இசைத்தட்டு

போன வாரம் தொலைபேசி நிலையத்தில் காலை வேலையில் இருந்தபோது வேடசந்தூரிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. என்ன நம்பர் வேண்டும் என்று கேட்டேன். “நம்பர் வேண்டாம்மா. நான் ரோஸ்லின் தம்பி பேசுறேன். அக்கா போயிட்டா” என்றது குரல். மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். லீவில் இருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இணைப்புப் பலகையில் அடுத்த விளக்கு எரிந்தது. அதை இணைத்துவிட்டுத்தான் அழ முடிந்தது.

திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் ரோஸ்லின் அக்காவுடன் வேலை பார்த்தவர்களுக்கு அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லைன் கிடைக்காமல் கத்துகிற மண்டி வியாபாரிகூட, “செத்த நேரம் இருங்க” என்று அவர் சொன்னால் அடங்கிவிடுவார். நான் அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருமுறை உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கொடைக்கானல் போனவர், அங்கே ஒரு ஓட்டலில் ஜூக்பாக்ஸைப் பார்த்தார். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் வேண்டிய பாட்டைத் தானே எடுத்துப் பாடும் பெட்டி அது. அதன் தடித்த நடுத்தண்டில் மாட்டுவதற்காகச் சிறிய இசைத்தட்டுகளின் நடுத்துளையைப் பெரிதாக வெட்டிவிடுவார்கள். பாட்டு பழசானால் அந்தத் தட்டு வேறெதற்கும் உதவாது. அன்றைக்கு ஓட்டல்காரர் பழைய தட்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். “குப்பைக்குத்தான போகுது? எனக்குக் குடுங்க” என்று கேட்டு, துண்டில் சுற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டார் அக்கா.

வீட்டுப் பிளேயரில் வைத்தால் தட்டு கோணிக்கொண்டு சுற்றியது. பாட்டு தள்ளாடியது. லேத் பட்டறைக்கு அவரே தட்டோடு போய், துளையை அடைக்க ஒரு பித்தளை வட்டு கடையச் சொன்னார். முதலில் கடைந்தது தொளதொளவென்று இருந்தது. அடுத்ததில் மையம் தப்பியது. “ஓட்டைத் தட்டுக்கு இம்புட்டுப் பாடா?” என்று பட்டறைக்காரர் சலித்துக்கொண்டார். “ஓட்டை நடுவுலதாண்ணே இருக்கு. பாட்டு அதைச் சுத்தித்தான இருக்கு” என்றார் அக்கா. பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, கச்சிதமாகப் பொருந்தும்படி மறுபடி கடைந்து கொடுத்தார்.

அதன்பின் துளை வெட்டிய தட்டுகளை மட்டுமே சேர்த்தார். ரேடியோ கடைக்காரர் அதே பாட்டைப் புதுத்தட்டாகவே தருகிறேன் என்றபோதும் வாங்கவில்லை. “புதுசை யாரும் இன்னும் கேக்கலையே. இது எத்தனை பேரு ஆசைப்பட்டுக் கேட்டுத் தேஞ்சிருக்கு” என்பார்.

எரியோட்டில் என் கல்யாணம் நடந்தது. மைக் செட்காரரின் தட்டுப் பெட்டி பஸ் மாறிச் செம்பட்டிக்குப் போய்விட்டது. பாட்டில்லாமல் பந்தல் இழவு வீடு மாதிரி கிடந்தது. அக்கா தம்பியைச் சைக்கிளில் வேடசந்தூர் வீட்டுக்கு அனுப்பித் தன் பிளேயரையும் தட்டுகளையும் வரவழைத்து, அவரே உட்கார்ந்து போட்டார். நாலைந்து பாட்டு ஓடியிருக்கும். பந்தலுக்குப் பின்னால் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த காந்தம்மாள் ஈரக்கையோடு எழுந்து வந்தார். எங்கள் தெருக்காரர், நாடகக் கம்பெனியில் இருந்துவிட்டு, அது கலைந்ததும் மில் வேலைக்கு வந்தவர்.

“இது நான் பாடுனது” என்றார்.

பந்தலே சிரித்தது. “அதைக் கண்டுக்காதீங்கம்மா. மெட்ராசுல தட்டுல பாடுனேன்னு ஊருக்கு வந்ததுலேருந்து சொல்லிட்டுத் திரியுது” என்றார் என் பெரியப்பா.

அக்கா தட்டை எடுத்து லேபிளைப் பார்த்தார். துளையைப் பெரிதாக்கியபோது பாடியவர் பெயரும் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ‘ம்மாள்’ என்ற கடைசி எழுத்துகள்தான் மிச்சம். அப்படி முடிகிற பெயர்கள் அந்தப் பந்தலிலேயே பத்து இருக்கும். காந்தம்மாள் தலைகுனிந்து திரும்பப் போனார்.

“நில்லுங்க” என்றார் அக்கா. “மறுபக்கம் என்ன பாட்டு?”

அந்தப் பக்கத்தை அன்று யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. காந்தம்மாள் கொஞ்சம் யோசித்தார். பிறகு, நாற்று நடுகிற பெண்ணொருத்தி மழையிடம் சண்டை பிடிக்கிற பாட்டு என்று சொல்லி, நின்ற இடத்திலேயே இரண்டு வரி பாடினார். அக்கா தட்டைப் புரட்டி முள்ளை வைத்தார். அதே வரி, அதே குழைவு, வரியின் முடிவில் அதே சின்ன மூச்சு. காந்தம்மாளின் கணவர் இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை அவரும் நம்பியிருக்கவில்லை.

பெரியப்பா, “அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடுங்கம்மா” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா அந்தத் தட்டைப் பித்தளை வட்டோடு காந்தம்மாளின் கையில் கொடுத்தார். “வட்டைத் தொலைச்சிராதீங்க, தட்டு ஆடும்” என்றார். அக்காவிடம் இருந்ததிலேயே நல்ல தட்டு அது. வேலைக்குத் திரும்பியதும், “மனசு கேட்டுச்சாக்கா?” என்று விசாரித்தேன். “எங்க கேட்டுச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல. ஆனா அது நான் வச்சிருக்கிற பொருளா, சொல்லு?” என்றார்.

அடக்கத்துக்கு வேடசந்தூர் போயிருந்தோம். காந்தம்மாள் மில் பஸ்ஸில் வந்து இறங்கினார். “நீங்க எந்த வகையில சொந்தம்?” என்று அக்காவின் சித்தி கேட்டார்.

“சொந்தமில்லைங்க. நான் பாட்டுக்காரி” என்றார் காந்தம்மாள், நிமிர்ந்து நின்று.

நம்ப முடியாததை ஒருவர் சொல்லும்போது, சிரிப்பதற்கு முன் இன்னும் ஒரு கேள்வி கேட்கிறேன். ரோஸ்லின் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.