விறாந்தையில் ஒரு சீன மியூசியம்

யுத்தம் எனக்குச் செய்த ஒரே நன்மை பள்ளிக்கூடத்தைப் பூட்டியதுதான். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரை விட்டு ஓடிய சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்த வருசம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டாளக்காரர் குடியிருந்தார்கள். துறைமுகத்துக்கு மேலே, எதிரி விமானங்களை மறிக்கக் கட்டிய பென்னாம்பெரிய பலூன்கள் மிதந்தன. கச்சான் காற்று அனலாய் வீசியது. படிக்க இடமில்லாத நானும் படிப்பிக்க இடமில்லாத மாமாவும் ஓர்ஸ் ஹில் வீட்டில் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

மாமா அம்மாவின் தம்பி, சித்திர வாத்தியார். கொழும்பில் ஒருமுறை மியூசியம் பார்த்துவிட்டு வந்த நாள்தொட்டு, திருகோணமலையில் அப்படி ஒன்று இல்லையே என்பது அவருடைய தீராத கவலை. ஒருநாள் சாப்பாட்டு நேரம் அம்மாவின் ஊறுகாய்ச் சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பீங்கானில் நீலப் பூவும் நீலக் குருவியும்.

"அக்கா, இது அசல் சீனத்துச் சாடி! கண்ணாடிக்குள்ள வைச்சுப் பாக்க வேண்டிய சாமானுக்குள்ள தேசிக்காய் போட்டு வைச்சிருக்கிறீங்களே!"

அடுத்த கிழமை எங்கள் விறாந்தை சீனக் கலை மியூசியம் ஆகிவிட்டது. 'கண்டறியாத மியூசியம்' என்று அம்மா முணுமுணுத்தார். ஆனாலும் சாடியைக் கொடுத்தார். ஊறுகாயை மட்டும் எடுக்க விடவில்லை. அக்கம்பக்கத்துக் குசினிகளில் இருந்தும் சாடிகளும் கோப்பைகளும் வந்து நீள வாங்கின்மேல் வரிசையாக இருந்தன. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் சாடிக்கு முன்னால்தான் கனநேரம் நின்றார்கள். கலைக்காகவா வாசத்துக்காகவா என்று மாமா கடைசிவரை விசாரிக்கவில்லை. வாசலில் நின்று 'தொடப்படாது!' என்று கத்துவது என் உத்தியோகம். சும்மா சொல்லக்கூடாது, அதை நான் நன்றாகவே செய்தேன். பாலையூற்றில் இருந்து நடந்து வந்த ஒரு கிழவர் என் சத்தத்தில் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டார்.

இரண்டாவது கண்காட்சி பட்டு. கலியாணத்துக்கு வாங்கிய சீனப்பட்டுச் சேலைகளை எல்லாம் பெண்கள் அலுமாரிக்குள் இருந்து எடுத்து வந்து கொடியில் தொங்கவிட்டார்கள். தங்கள் பட்டுக்குப் பக்கத்திலேயே காவலும் நின்றார்கள். அன்று பார்க்க வந்தவர்களை விடக் காவல் நின்றவர்கள்தான் அதிகம். மாமாவுக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை.

மூன்றாவதுக்குச் சித்திரம் வேண்டும். சீனச் சித்திரத்துக்கு எங்கே போவது? கடைத்தெருவில் பல்லுக்கட்டுகிற சீனாக்கார ஐயாவிடம் மாமா போய் நின்றார். அவர் இந்த ஊருக்கு வந்து கனகாலம். எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் கட்டிக் கொடுத்தது. சண்டை தொடங்கி, சீனாவில் இருக்கும் தாயிடமிருந்து காகிதம் வருவது நின்றுபோயிருந்தது. உயிரோடு இருக்கிறாவா இல்லையா என்றே தெரியாது. ஆனாலும் தினமும் காலையில் தபால்காரரை மறித்துக் கேட்பார், தபால்காரர் இல்லை என்று தலையாட்டுவார், பிறகுதான் கடையைத் திறப்பார்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தைச் சீலையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். ஆருடைய படம் என்று அவர் சொல்லவில்லை, மாமா கேட்கவும் இல்லை. நீலச் சட்டை போட்ட வயதான அம்மா ஒருவர் கதிரையில் நேராக இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சீனத்துச் சீமாட்டி' என்று மாமா பெயர் எழுதித் தொங்கவிட்டார்.

பெரியம்மா, அம்மாவின் மூத்த தமக்கை, அந்தப் படத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இருக்கிற இருப்பைப் பாத்தாலே தெரியேல்லையே? இது செத்த மனிசியின்ர படம். பொட்டில்லாமல் பூவில்லாமல் இப்படி மொட்டையாய்த் தூக்கிறதே? பாவமடா!"

மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, எங்கள் வீட்டில் செத்தவர்கள் படங்களுக்குச் செய்வதையெல்லாம் பெரியம்மா அதற்கும் செய்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு. சட்டத்தில் மல்லிகை மாலை. கீழே ஒரு விளக்கு, வாழைப்பழம், தேத்தண்ணி. நான் 'தொடப்படாது' என்று கத்திப் பார்த்தேன். பெரியம்மாவிடம் அந்த உத்தியோகம் எடுபடவில்லை.

மாமா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தார். "ஐயோ அக்கா, மியூசியத்தில ஆரும் மாலை போடுவினமே?" என்று அவர் தொடங்கவும், சீனாக்கார ஐயா படியேறவும் சரியாக இருந்தது.

வெள்ளைக் காற்சட்டை, தலைக்குத் தொப்பி, மாப்பிள்ளை மாதிரி வந்தவர் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். கழற்றிய தொப்பி கையில் இருந்து விழுந்தது. எங்கள் ஊர் வீடுகளில் ஏறி இறங்குகிற மனிதர், மாலை போட்ட படத்துக்கு அர்த்தம் தெரியாதவரா? மெல்லத்தான் கேட்டார்.

"அக்கா... என்ர அம்மா செத்துப் போனா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? எப்ப செய்தி வந்தது?"

மாமாவின் முகம் வெளிறிப் போனது. பெரியம்மா முந்திக்கொண்டார்.

"சீச்சீ, என்ன கதை தம்பி! ஆர் செத்தது? நான் இதை உங்கட ஊர் அம்மாளாச்சி எண்டெல்லோ நினைச்சனான்! அதுதான் பூ வைச்சு விளக்கேத்தினனான். அம்மாவோ இது? அச்சொட்டாய்த் தெய்வம் மாதிரி இருக்கிறா. நூறு வயசு இருப்பா!"

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே பெரியம்மாதான். "இல்லைப் பெரியம்மா, நீங்கள் செத்த..." என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம், மேற்கையில் விழுந்தது ஒரு கிள்ளு. அம்மாடி! கண்ணில் பூச்சி பறந்தது. பெரியம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து, அந்தப் படத்தை விழுந்து கும்பிட்டார். வேறு வழியில்லாமல் மாமாவும் கும்பிட்டார்.

நான் குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாயை மூடிக்கொண்டு இந்தத் தேத்தண்ணியை அவருக்குக் குடு" என்றார். இந்த வீட்டில் நியாயம் கேட்க ஒரு நாதியில்லை என்று மனம் எரிந்தது. போய் அவரிடமே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன்.

அவர் கதிரையில் இருந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, ஆரும் இருக்கினமா என்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"பிள்ளை, பெரியம்மா மெய்யாய்ச் சாமி எண்டுதான் நினைச்சவவோ?"

சொல்ல வாய் வரை வந்தது. கையில் கிள்ளுப்பட்ட இடம் கன்றிப்போய் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்று வாங்க ஏலாது.

"ஓம்" என்றேன்.

அவர் என் முகத்தையும் கன்றிப்போன கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். என் தலையைத் தடவிவிட்டு, தேத்தண்ணியைச் சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். நன்றாக ஏமாந்துபோனார் பாவம் என்று நினைத்துக்கொண்டு, நான் வெறுங்கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.