பெற்றோல் செட் முதலாளி ரயிலில் ஹம் போன கதை

லண்டனிலிருந்து ஜெர்மனியின் ஹம் நகருக்கு ரயிலில் போவது எப்படி என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் போனது 2021 ஒக்டோபர் முதல் வாரம். வழக்கமாகக் காரில்தான் போவேன். வட லண்டனில் என் வீட்டு வாசலிலிருந்து ஹம்மில் அக்கா வீட்டு வாசலுக்கு ஏறக்குறைய 650 கிலோமீற்றர். இந்த முறை ரயிலில் போனதற்கு ஒரே காரணம், காரில் பெற்றோல் இல்லை. என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நான் எட்டுப் பம்ப் உள்ள பெற்றோல் செட் ஒன்றைப் பதினான்கு வருடமாக நடத்துகிறவன். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், கதை நீளம்.

அந்த நாட்களில் பிரித்தானியாவில் எண்ணெய் இருந்தது, அதைக் கொண்டுவந்து ஊற்ற ஓட்டுநர்தான் இல்லை. நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் கொரோனாவும் சேர்ந்து, பாரவண்டி ஓடிய போலந்துக்காரரும் ருமேனியாக்காரரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் செட் காய்ந்து ஆறு நாளாகியிருந்தது. 'பெற்றோல் இல்லை' என்று என் மனைவி வதனி எழுதி ஒட்டிய பலகைக்குக் கீழேயே சனம் வரிசையில் நின்றது. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் செட்டைக் கைவிட வேண்டியதுதான். எண்ணெய் தரும் சின்னக் கம்பெனிக்காரரோ, "டாங்கர் சும்மா நிற்கிறது, ஓட ஆளிருந்தால் கூட்டிக்கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அபி நினைவுக்கு வந்தாள். ஹம்மில் இருக்கும் என் அக்காவின் மகள், இருபத்தேழு வயது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்து, முறையாகப் படித்து, எண்ணெய் டாங்கர் ஓடுகிறவள். இப்படிப்பட்ட உதவியைத் தொலைபேசியில் கேட்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதை இல்லை. ஆகவே அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அபியைப் பற்றி ஒரு விசயம் கதைக்கவேணும் அக்கா. போனில ஏலாது, நேர வாறன்."  "வா தம்பி" என்றார் அக்கா. குரல் தழுதழுத்தது. வதனியும் தன் பங்கிற்கு, "வெறுங்கையோட போகாதேங்கோ" என்று ஒரு பட்டுச்சேலை, பழங்கள், பலகாரம் எல்லாம் தட்டோடு கட்டித் தந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை 9.01க்கு பிரசல்ஸ் போகும் கடலடிச் சுரங்க ரயில். கடைசி நேரத்தில் வாங்கியதால் போக மட்டும் 171 பவுண். ஒரு மாதம் முந்தி வாங்கினால் பாதியும் வராது, முந்தி வாங்குங்கள். கடவுச்சீட்டுப் பார்க்கும் இடத்தில் பழக்கதோசத்தில் ஐரோப்பியர் வரிசையில் போய் நின்றேன். அதிகாரி என் புத்தகத்தின் நிறத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்த நீண்ட வரிசையைக் காட்டினார். அங்கே முப்பத்தைந்து நிமிடம் நின்று முத்திரை குத்திக்கொண்டேன். நீங்கள் ஒன்றரை மணித்தியாலம் முந்திப் போங்கள்.

பிரசல்ஸ் நகரில் 12.05. 2.25க்கு ஜெர்மன் வேக ரயில், 4.15க்கு கேல்ன், அதாவது கொலோன். அதுவரை எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்ததால், ஜெர்மனி என்றால் இதுதான் என்று பக்கத்தில் இருந்தவருக்குப் புளுகிக்கொண்டு வந்தேன். கேல்னில் இறங்கினால் 4.43க்குப் போகவேண்டிய ஹம் ரயிலின் பெயருக்கு மேல் கோடு கிழித்திருந்தது. அறிவிப்பு எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தமிழ்ப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "ரயில் ஓட ஆள் இல்லையாம் அங்கிள்." ஓட்டுநர் தேடி வந்தவனுக்கு ஓட்டுநர் இல்லை. ஒரு மணித்தியாலம் மேடையில் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கட்டாயம் ஏதாவது கொறிக்கக் கொண்டுபோங்கள், ஆனால் தட்டிலிருப்பதைத் தொடாதீர்கள்.

ஹம்மில் 7.20க்கு இறங்கினேன். அத்தான், அதாவது அக்காவின் கணவர், காரோடு நின்றார். காரில் ஏறியதும் என் கண் போனது எண்ணெய் முள்ளுக்கு. முழுதாக நின்றது. வழியில் ஒரு பெற்றோல் செட்டில் ஒரே ஒரு கார். அதன் சொந்தக்காரர் ஆறுதலாகக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். "அத்தான், ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்று சொல்லி அந்தக் காட்சியை இரண்டு நிமிடம் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அத்தான் பட்டுவேட்டி கட்டியிருப்பதைக் கவனித்தேன்.

வீட்டில் அக்கா காஞ்சிபுரப் பட்டுச்சேலையில் நின்றார். மேசையில் பன்னிரண்டு கறி. அபி மட்டும் வேலைச் சட்டையோடு மூலையில் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தாள். நான் தட்டை மேசையில் வைக்க, அக்கா அதிலிருந்த சேலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அப்போதும் எனக்குப் புத்தி ஓடவில்லை பாருங்கள்.

"அபி இப்பவும் டாங்கர் ஓடுறாள்தானே அக்கா?" என்று தொடங்கினேன்.

"ஓடுறாள்தான் தம்பி. ஆனால் உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் விட்டிடுவாள்."

"ஐயோ, விடக்கூடாது. லண்டன் வந்தும் ஓடவேணும்."

"பாருங்கோ இவன்ர மனசை" என்று அக்கா அத்தானைப் பார்த்தார். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அபி எழும்பினாள். "மாமா, குறை நினைக்காதேங்கோ. நான் கீர்த்தனைக் கட்டமாட்டன்."

கீர்த்தன் என் மகன். அபிக்கு முறை மச்சான். தாய்மாமன் காரணம் சொல்லாமல் பட்டுச்சேலைத் தட்டோடு கடல் கடந்து வந்தால் எங்கள் வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கட்ட வேண்டாம் பிள்ளை" என்றேன். "மூண்டு மாசம் டாங்கர் ஓட வந்தால் காணும்."

அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நீ தட்டுக் கொண்டுவந்தது என்ர பெட்டைக்கு இல்லை, அவளின்ர லைசென்சுக்கோ?" அபி சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. அத்தான் போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு கறியில் எனக்கு அன்று கிடைத்தது பருப்பும் கத்தரிக்காயும்.

சாப்பாட்டுக்குப் பிறகு அபி தெளிவாகச் சொன்னாள். "டிரைவர்மாருக்கு லண்டன் தாறது கொஞ்ச மாச விசா மாமா. முடிய, போ எண்டு சொல்லுவினம். இங்க எனக்கு நிரந்தர வேலை. இங்கயும் ஓட ஆளில்லை, லீவே தரமாட்டினம்." என் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "காலமை என்னோட வாங்கோ. டிரைவர்மார் சாப்பிடுற பேக்கரிக்குக் கூட்டிக்கொண்டு போறன். நீங்களே கேளுங்கோ" என்றாள்.

பேக்கரி அக்கா வீட்டிலிருந்து ஏழு கிலோமீற்றர், நெடுஞ்சாலை ஏறும் இடத்தில். கோப்பியும் வெண்ணெய் ரொட்டியும் 4 யூரோ 20. அபி என்னை மாரெக் என்ற போலந்துக்காரருக்கு அறிமுகப்படுத்தினாள். பதினொரு வருடம் லண்டன் பக்கம் டாங்கர் ஓடியவர், என்னைவிட நல்ல ஆங்கிலம். நான் கடைக்கு மேலே அறை, மூன்று நேரச் சோறு, கேட்ட சம்பளம் என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டீர்கள்?" என்று கேட்டார்.

வதனிக்கே நான் உண்மை சொன்னதில்லை. பொய் சொன்னால் ஒருவேளை ஆள் கிடைக்கும். அபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியேறத்தான் போட்டேன்" என்றேன். "வெளிநாட்டு ஆட்கள் வந்து டொக்டரிடம் வரிசை கூடிப்போச்சு என்று நினைத்தேன்."

மாரெக் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்த வாக்கால் நான் வெளிக்கிடவில்லை" என்றார். "வாக்கெடுப்புக்குப் பிறகு, எண்ணெய் ஊற்றப் போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. எப்போது ஊருக்குப் போகிறாய்? நல்லவர்களும் கேட்டார்கள், சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒருநாள் வீட்டில் மனைவி சொன்னாள், எல்லோரும் கேட்கிறார்களே, போவோம் என்று."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் செட்டுக்கு ஒவ்வொரு செவ்வாயும் எண்ணெய் கொண்டுவந்த பாவெலும் போலந்துக்காரன்தான். குழாயை மாட்டிவிட்டு நிற்பான், நான் பக்கத்தில் போய், "எப்ப ஊருக்குப் போறாய்?" என்று கேட்பேன். நாங்கள் தமிழர் சந்தித்தால் கேட்கிற கேள்விதானே அது. ரிக்கெற் போட்டாச்சோ, ஆரைப் பார்க்கப் போறாய், என்ன கொண்டுபோறாய் என்று அன்பாய் விசாரிப்பது. ஏழு வருடம் கேட்டேன். பாவெல் என்னவென்று எடுத்துக்கொண்டானோ, எனக்குத் தெரியாது. போன மார்ச்சில் போய்விட்டான்.

வியாழக்கிழமை அதே வழியால் ஆளில்லாமல் திரும்பினேன். சேலையை அபி வைத்துக்கொண்டாள். தட்டை அக்கா திருப்பித் தந்துவிட்டார்.

இனிப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: பிரசல்ஸிலும் கேல்னிலும் ரயில் மாற ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வையுங்கள். வீடு திரும்ப உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன படிவம் வேண்டும் என்று முதல்நாளே பாருங்கள். அடுத்தது, வருகிற காரணத்தைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். மரியாதை போனாலும் பன்னிரண்டு கறியும் கிடைக்கும்.

திங்கட்கிழமை காலை செட்டுக்கு டாங்கர் வந்தது. ஓடி வந்தவன், ஓட்டுநர் இல்லாததால் அரசாங்கம் அனுப்பிய, பச்சை உடுப்புப் போட்ட இராணுவப் பெடியன். யாழ்ப்பாணத்தில் அப்படி ஓர் உடுப்புக்குப் பயந்துதான் நானும் வதனியும் ஓடிவந்தோம். இப்போது அதே மாதிரி உடுப்பு எங்களுக்குப் பெற்றோல் ஊற்றுகிறது. வதனி தன்னையறியாமல் கல்லாவுக்குப் பின்னால் குந்திவிட்டு, பிறகு தானே சிரித்துக்கொண்டு எழும்பினாள். பெடியன் குழாயை மாட்டிவிட்டு ஓரமாக நின்றான். நான் வழக்கம்போல் பக்கத்தில் போனேன். வழக்கமான கேள்வி வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி?" என்று கேட்டேன்.

பாவெலிடம் அதை ஏழு வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.