வெள்ளை, காவி, அரக்கு

தெருக்குழாய் முதலில் இருமும், அப்புறம் சீறும். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து அடுப்பை மூட்டுவதுதான் சாயம் போடுகிறவன் பிழைப்பு. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவது ஊர் தூங்கிய பிறகு. எனக்குத் தூக்கம் பகலில். அதுவும் ஒழுங்காக வராது.

தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. சாயப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, நாலு பேர் வேட்டியைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். புதுத்துணி எடுக்காமல், இருப்பதை வைத்தே வெயில், மழை, பண்டிகை எல்லாவற்றையும் ஓட்டப் பார்க்கிறவர்கள்தான் என்னிடம் வருவார்கள். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் மேலே படியுங்கள்.

தையல் மட்டும் நீலம்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அந்தோணியிடம் ஒரு வெள்ளை டெரிலின் சட்டை இருந்தது. கோடை முழுக்க அதைப் போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு நீலமாக்கிவிட்டால் புதுச்சட்டை வேண்டாம் என்பது அவன் கணக்கு. டெரிலின் செயற்கை நூல், பருத்தி மாதிரி சாயம் குடிக்காது என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். சட்டை அப்படியே வெள்ளை. தைத்திருந்த பருத்தி நூல் மட்டும் பளிச்சென்று நீலம். காலர், பை, பட்டன் ஓட்டை எல்லாம் பேனாவால் கோடு போட்ட மாதிரி.

அந்தோணி அதை வெளியே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னா நைனா, சட்டைய உட்டுட்டு தையலுக்குக் கலர் அட்ச்சிகீறே? சரி குடு, கப்பல்ல வந்த மாடலுன்னு சொல்லிக்கிறேன்."

ஒரு புடவை, ஒரு வருடம்

அடுத்த வருடம் அந்தோணி கப்பலில் கால் தவறி விழுந்து பிழைத்தான். அவன் மனைவி லூர்துமேரி, வருடம் முழுக்க வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டதோடு நிற்கவில்லை, திட்டமும் போட்டாள். கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் பருத்திப் புடவை கோடைக்கு. ஆவணியில் வேளாங்கண்ணிக்குப் போக அதையே காவி ஆக்க வேண்டும். மழை பிடித்தால் சேறு தெரியாதபடி அரக்கு, கிறிஸ்துமஸுக்கும் அதுதான்.

சாயம் ஏற ஏறக் கருக்கும், பின்னால் வெள்ளை வேண்டும் என்றால் வராது என்று எச்சரித்தேன். "வெள்ளைல எனக்கு இனிமே இன்னா வேல கீது அண்ணே? நீ முக்கு."

புதுநன்மை

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பிய வாரமே லூர்துமேரி ஓடிவந்தாள். மகளுக்கு அடுத்த வருடம்தான் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு, என்று நினைத்திருந்தாளாம்; பங்குச் சாமியார் இந்த வருடமே பெயர் சேர்த்துவிட்டார். வெள்ளைக் கவுன் இல்லாமல் பீடத்தின் முன்னால் நிற்க முடியாது. வாங்கினால் நேர்ச்சை போச்சு. இரவல் கேட்கலாமென்றால், தெருவில் உள்ள கவுன் எல்லாம் அதே நாளில் வேறு பிள்ளைகள் மேல் ஏறுகிறது. புடவையில் ஏறிய காவிச் சாயத்தை எடுத்து வெள்ளையாக்கிக் கொடு, அதில் கவுன் வெட்டிக்கொள்கிறேன் என்றாள்.

சாயம் எடுக்கிற மருந்தில் நூல் இற்றுப்போகும், கவுனும் தேறாமல் புடவையும் போகலாம் என்றேன். மழைக்கும் கிறிஸ்துமஸுக்கும் எதைக் கட்டுவாய் என்றும் கேட்டேன். வீட்டில் கட்டுகிற பழசு இருக்கிறதாம். மூன்று தண்ணீர் மாற்றினேன். மடிப்பில் ஒரு முழம் கிழிந்தது. மிச்சம் வெளுத்தது, ஆனால் வெள்ளை இல்லை, சுண்டக் காய்ச்சிய பால் நிறம். தையல்காரர் இற்ற இடத்தை ஒதுக்கி வெட்டிக் கொடுத்தார்.

புதுநன்மை நடந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. பூசை முடிந்து அவள் வாசலில் வந்து நின்றாள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "கோயிலுக்குள்ள மெழுகுவத்தி வெளிச்சத்துல எல்லாப் புள்ளைங்களும் ஒரே கலர்தான் அண்ணே. வெளிய வெயிலுக்கு வந்தப்பதான் எம் பொண்ணு மட்டும் தனியா தெரிஞ்சா."

நிறத்துக்கு நான் ஜவாப்தாரி, வெளிச்சத்துக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஊறிக்கொண்டிருந்த வேட்டிகளைக் கழியால் கிளறத் தொடங்கினேன்.