சூசைப்பிள்ளை கட்டிய நூற்றுப் பதினோராவது தொட்டி

மண்கும்பான் கடற்கரையில் விடுதி நடத்தும் வாகீசன், மேசன் சூசைப்பிள்ளைக்கு நாற்பத்தையாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. கழிவுத்தண்ணீர்த் தொட்டி கட்டிய கூலியின் கடைசிப் பங்கு அது. மூன்று மாதமாகியும் வரவில்லை. அதைக் கேட்டு நாரந்தனையிலிருந்து அவர் பஸ் ஏறியது இது ஐந்தாம் தரம். முழங்கால் இரண்டும் போதும் போதும் என்றன.

"குசினியாலை போற மாதிரியே கலங்கலாத்தான் வெளியிலை வருது அண்ணை. தென்னைக்குப் போற குழாயும் அடைச்சுப்போச்சு. பிழையாக் கட்டிப்போட்டுக் காசு கேக்கிறியள்," என்றான் வாகீசன்.

பிழையாகக் கட்டினதாம்! நூற்றுப்பத்துத் தொட்டி கட்டிய கைக்கு இந்தச் சொல். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் தண்ணீரின் குணத்தை எந்த எஞ்சினியரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடம்பெயர்ந்து வன்னியில் கிடந்த நாட்களில் பவுசர் வண்டி கொண்டுவந்தது சேற்றுத் தண்ணீர். மனைவி அஞ்சலா அதை வாளியில் விட்டு, ஒருவரையும் தொடவிடாமல் காவல் இருப்பாள். சேறு அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரைப் பிள்ளைகள் குடித்தார்கள். அந்த வாளியைத்தான் பிறகு சீமெந்தால் பெருப்பித்துக் கட்டிக் கட்டி, சொந்த வீடும் இரண்டு மகள்மாருக்குச் சீதனமும் தேடினார்.

இந்தத் தொட்டியும் அப்படித்தான். முதல் அறையில் சமையலறைத் தண்ணீர் வேகம் கெட்டு நிற்கும். மண்ணும் சோற்றுப் பருக்கையும் அடிக்குப் போகும், எண்ணெய் மேலே மிதக்கும். நடுவில் தெளிந்தது மட்டும் சுவர்த் துளையால் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து தென்னைக்குப் போகும். எங்கே பிழை?

விடுதி வளவின் பின்பக்கம் போனார். சமையல்காரி கிறேசம்மா மூடியைத் திறந்து, தும்புத்தடியால் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நுளம்பு அண்ணை! தண்ணி அசையாமல் நிண்டா முட்டை போட்டிடும், சுகாதாரப் பரிசோதகர் தண்டம் எழுதுவார் எண்டு முதலாளிதான் காலமையும் பின்னேரமும் கலக்கச் சொன்னவர்."

கோபிக்கவும் உடம்பில் தெம்பில்லை. தொட்டி விளிம்பில் குந்தினார்.

"தம்பி, இஞ்சை வாரும். தேயிலை அடியிலை இறங்க விடாமல் கரண்டியாலை கலக்கிக்கொண்டு, கோப்பை பிழை எண்டு சொல்லுறீர்!"

வாகீசன் தலையைச் சொறிந்தான். "அப்ப நுளம்பு?"

"வலை அடிச்சு இறுக்கி மூடினா எந்த நுளம்பு வரும்? ரெண்டு நாள் ஒருத்தரும் தொடப்படாது. மாதத்துக்கு ஒருக்கா அடிச்சேற்றை மட்டும் அள்ளும்."

அன்றைக்கு அவரே சேற்றை அள்ளினார், குழாய் அடைப்பைக் குத்தி எடுத்தார், மூடிக்கு வலை அடித்தார். இடுப்பு நாரி விண்விண் என்று வலித்தது. கலக்கக்கூடாது என்று முதலே சொல்லாதது தன் பிழையோ என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு மூடியை அழுத்தி இறுக்கினார்.

ஆறாம் தரம் வந்தபோது, வாகீசன் குழாயடியில் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து வெயிலுக்கு உயர்த்தினான். போத்தலுக்கு அப்பால் கடல் தெரிந்தது.

"குடிக்க ஏலாது," என்றார் சூசைப்பிள்ளை. "தென்னைக்குக் காணும்."

கையை விரித்தார். சீமெந்து தின்ற அந்த உள்ளங்கையில் வாகீசன் ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். எட்டாவதில் நிறுத்தி முகத்தைப் பார்த்தான்.

கை மடங்கவில்லை. ஒன்பதாவதும் வந்தது.